மாடுகளின் ரகசியத்துக்கு நான் போட்ட பூட்டு

எங்கள் பால் நிலையத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருந்தது துருப்பிடித்து விழுந்த பிறகு, மாலையில் போகும்போது கதவை ஒரு கயிற்றால் ஆணியில் கட்டிவிட்டுப் போவோம். கயிறும் மாடு கட்டிப் பழசானது. உள்ளே பால் கேன்கள், பால்மானி, ஒரு மேசை, என் வீட்டிலிருந்து வந்த ஒரு நாற்காலி. எதற்கும் பூட்டில்லை. அந்தக் கட்டடத்தில் பூட்டப்பட்டிருந்த ஒரே பொருள், கணினிக்குள் இருந்த ஒரு கோப்பு. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எந்தப் பசுவுக்கு எந்தத் தேதியில் சினை ஊசி போடப்பட்டது, எந்தக் காளையின் வித்து, பிடித்ததா இல்லையா என்ற விவரமெல்லாம் அதில்தான் இருந்தது. மாடுகளின் அந்தரங்கத்தை அந்த அளவுக்குக் கட்டிக்காத்த மனிதன் இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பூட்டுகிற யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை. நுவரெலியாவில் ஒருநாள் பயிற்சி என்று கூப்பிட்டிருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், தகவல்தான் இந்தக் காலத்துத் தங்கம் என்று ஆரம்பித்தார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதனால் அதற்குப் பிறகு நடந்ததில் பெரும்பகுதி எனக்குத் தெரியாது. நான் விழித்தபோது அவர் கோப்புக்குக் கடவுச்சொல் போடுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். பயிற்சியிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது அது ஒன்றைத்தான். மற்றவர்கள் ஒரு பையும் பேனாவும் கொண்டுவந்தார்கள்.

முதலில் என் மனைவியின் பெயரைத்தான் கடவுச்சொல்லாக அடித்தேன். இதை அவளிடம் பல தடவை சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை. ஏன் அது சரிவரவில்லை என்பதைச் சொல்ல, என் விரல்களின் வியாதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அலுவலகத் தமிழை அடித்துப் பழகியவர்கள் பலருக்கும் அந்த வியாதி உண்டு. விசைப்பலகையில் இருப்பது ஆங்கில எழுத்து. நாங்கள் அடிப்பது தமிழ். பாமினி என்ற எழுத்துருவில் இன்ன ஆங்கில விசையைத் தட்டினால் இன்ன தமிழ் எழுத்து விழும் என்பதை விரல்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும். கணினிக்குத் தெரிவதெல்லாம் ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுவது மட்டும்தான் பாமினியின் வேலை. கடவுச்சொல் பெட்டியில் எந்த வேஷமும் இல்லை, எல்லாம் நட்சத்திரமாக விழும். உள்ளே போவது ஆங்கிலமா தமிழா என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

மனைவியின் பெயரில் புள்ளி வரும். பாமினியில் புள்ளிக்குத் தட்டும் விசையில் இருப்பது ஆங்கிலத்தின் அரைப்புள்ளி. கடவுச்சொல்லில் அந்தக் குறியை அனுமதிக்க முடியாது என்று பெட்டி மறுத்துவிட்டது. சரி, புள்ளியே வராத ஒரு சொல்லாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்து யோசித்தேன். நிலையத்தில் யாரும் இல்லை. வெளியே மழை. கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் நான் நினைப்பது எனக்கே கேட்கவில்லை. ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தனிமையில் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவனுடைய கடவுச்சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நான் அடித்தது ‘நானேராசா’.

எப்படியும் நட்சத்திரமாகத்தானே தெரியப்போகிறது என்ற தைரியம்.

அடுத்த பால் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, நம்முடைய தரவுகள் இனி அந்நியர் எவரும் தொட முடியாத பாதுகாப்பில் இருக்கின்றன என்று அறிவித்தேன். தினமும் பால் ஊற்ற வருகிற பெரிய கங்காணி ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்று, இப்போது இரண்டு மாடுகளை மேய்க்கிறவர். அவர் கையைத் தூக்கினார்.

“மாடுகளுக்குத் தெரியப்படுத்தியாச்சுங்களா சார்?”

கூட்டம் அதோடு கலைந்தது.

பூட்டு போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லை. காலையில் பால் அளந்து முடித்ததும் கணினியைத் திறப்பேன். நான் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருக்க, விரல்கள் தாமாகவே அந்தச் சொல்லை அடிக்கும். கோப்பு திறக்கும். ராசாவின் நாள் தொடங்கும்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. நாங்கள் பாமினியில் அனுப்பும் அறிக்கைகள் அங்கே ஆங்கில எழுத்துகளை அள்ளிக் கொட்டினதுபோல் தெரிகின்றனவாம். இனி எல்லாம் யூனிகோடில் வர வேண்டுமாம். கணினிப் பெட்டியைப் பால் லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவரை எனக்குப் பழக்கம். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பொறுமையாக வேலையை முடித்துவிட்டு விளக்கினார். இனி இந்தப் பெட்டி விழிக்கும்போதே தமிழில்தான் விழிக்கும், உங்கள் விரல் பழகிய அதே விசை வரிசையைத்தான் வைத்திருக்கிறேன், ஆனால் இப்போது விழுவது வேஷம் போட்ட ஆங்கிலம் இல்லை, அசல் தமிழ் எழுத்து, ஆங்கிலம் வேண்டுமென்றால் கீழே மூலையில் இந்த அடையாளத்தைத் தட்டி மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

நான் தலையாட்டினேன். எனக்கென்று ஒரு தலையாட்டல் இருக்கிறது. கண்ணைப் பாதி மூடி, உதட்டைக் கொஞ்சம் பிதுக்கி, இதெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும் என்பதுபோல் ஆட்டுவேன். அதைப் பார்த்த எவரும் மேற்கொண்டு விளக்கமாட்டார்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இந்தத் தலையாட்டலால் நான் கற்றுக்கொள்ளாமல் விட்டது ஏராளம். நானா விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனம் முழுக்க, வீட்டுக்கு லீக்ஸ் வாங்கிப் போவதா கரட் வாங்கிப் போவதா என்பதில் இருந்தது.

மறுநாள் காலை பால் ஊற்ற வந்தவர்கள் போய்விட்டார்கள். கங்காணி மட்டும் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா ஒருவர் மேல்மூச்சு வாங்க வந்தார்.

எங்கள் நிலையத்துக்கு எதிர்ச்சரிவில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே மாட்டுப்பட்டி வைத்திருக்கிறவர். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இருப்பது ஒரே பசு, செவலை. அது நிறைசினையாக இருந்தது. இரண்டு நாளாகத் தீனி எடுக்காமல், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறது என்று டவுனிலிருந்து மாட்டு வைத்தியரை வரவழைத்திருந்தார். வைத்தியர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, நாள் கடந்துவிட்ட மாதிரியும் இருக்கிறது, கடக்காத மாதிரியும் இருக்கிறது என்றாராம். சினை ஊசி போட்ட தேதி என்ன என்று கேட்டாராம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அக்கா சரிவிறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடியும் ஏறி வந்திருந்தார்.

விஷயம் இதுதான். அக்காவுக்கு ஓர் ஊசி போட்டது நினைவிருந்தது. அதில் சினை பிடித்திருந்தால் நாள் கடந்துவிட்டது. இன்றைக்கே மருந்து போட்டுக் கன்றை ஈன வைக்க வேண்டும், விட்டால் தாய்க்கு ஆபத்து. ஆனால் அந்த ஊசி தவறி, பின்னால் இன்னோர் ஊசி போடப்பட்டிருந்தால் ஈனுவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இப்போது மருந்து போட்டால் கன்று பிழைக்காது. இரண்டாவது ஊசி போட வேண்டிய சமயத்தில் அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக ஹட்டனுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தவர் கணவர். அவரிடம் காலையில் கேட்டால் இரண்டாவது ஊசி போட்டார்கள் என்பார், மாலையில் கேட்டால் போடவில்லை என்பார், இடையில் கேட்டால் எந்த மாடு என்பார். ஊசி போட்டவரோ கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். வைத்தியரின் அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை மொத்தக் கணக்கு மட்டும்தான் போகும்.

மாட்டுக்கென்று கொடுத்த அட்டையில் எழுதியிருக்குமே என்று கேட்டேன்.

“அட்டைய மாடே தின்னுருச்சு தம்பி. பிளாஸ்டிக் உறையோட சேத்து.”

சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போன தடவ கன்னு நாளுக்கு முன்னாடியே விழுந்துருச்சு. கண்ணே தொறக்கல தம்பி. டொக்டர் மஹத்தயா மருந்த கையில வச்சிக்கிட்டு நிக்கிறாரு. வெரசாப் பாத்துச் சொல்லுங்க.”

ஒரு நிமிஷம் அக்கா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த நாளுக்காகத்தான் பிறந்தேன் என்பதுபோல் சட்டைக் கையை மடித்துவிட்டேன். கோப்பைத் தட்டினேன். கடவுச்சொல் கேட்டது. விரல்கள் அடித்தன. நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்தன. கடவுச்சொல் சரியில்லை என்றது கணினி.

மறுபடி அடித்தேன். சரியில்லை.

விரல் வழுக்கியிருக்கும் என்று ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக, கோழி கொத்துவதுபோல் அடித்தேன். சரியில்லை. பெரிய எழுத்துப் பூட்டு விழுந்திருக்குமோ என்று அந்த விசையைத் தட்டிவிட்டு அடித்தேன். திரும்பத் தட்டிவிட்டு அடித்தேன். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன், ஒரு மாரி பிஸ்கட்டின் மிச்சம் விழுந்தது. கணினியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். அது எழுந்து வருவதற்குள் என் கல்யாணத்திலிருந்து அன்றுவரை நடந்ததெல்லாம் கண்முன் ஓடி முடிந்தது. அடித்தேன். சரியில்லை.

விரல் அதே விரல், சொல்லும் அதே சொல், விழுந்த நட்சத்திரமும் கூடவில்லை குறையவில்லை. வேறு யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. யார் மாற்றுவார்கள்? கங்காணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காதுக்குள் தீக்குச்சியை விட்டுக் கண்ணை மூடிச் சுகம் கண்டுகொண்டிருந்தார். பிறகு எனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். என் பெரியப்பாவுக்கு வந்தது. அவர் கடைசியில் என்னைத் தபால்காரர் என்று நினைத்துக் கடிதம் கேட்டார். மனைவியின் பெயர் நினைவிருக்கிறதா என்று எனக்குள்ளேயே சோதித்துப் பார்த்தேன். இருந்தது, புள்ளிகளோடு.

திடீரென்று ஒரு வெளிச்சம். பத்திரமாக இருக்கட்டும் என்று கோப்பின் பிரதி ஒன்றை பென் டிரைவில் எடுத்து, சுவரில் மாட்டியிருக்கும் மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்தேன். பதறாதீங்க அக்கா, இதுக்குத்தான் முன்யோசனை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் ஏறி அதை எடுத்துச் செருகினேன். பிரதி அப்படியே, அச்சு அசலாக இருந்தது. கடவுச்சொல் கேட்டது. பூட்டையும் சேர்த்தல்லவா பிரதி எடுத்திருக்கிறேன். மாதா படத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவருடைய பார்வையில் இரக்கம் குறைவாக இருந்ததுபோல் பட்டது.

அக்கா இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னாச்சு தம்பி” என்று மெதுவாகக் கேட்டார். பூட்டியிருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது என்றேன்.

“மாட்டுக்கு எதுக்குத் தம்பி பூட்டு?”

தரவுப் பாதுகாப்பு அக்கா என்று சொன்னேன். சொல்லும்போதே அந்தச் சொற்கள் வாயிலிருந்து விழுந்து தரையில் உருண்டு போவது தெரிந்தது. எதிர்ச்சரிவில் பட்டிக்கு வெளியே வைத்தியர் நீலச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை தூரத்திலும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

நானாவுக்குப் போன் பண்ண வேண்டும். நிலையத்துக்குள் சிக்னல் கிடையாது. ரோட்டுக்கு மேலே தேயிலைக்கு நடுவில் ஒரு பாறை இருக்கிறது. அதன் உச்சியில் நின்றால் பேசலாம். அதனால் எங்கள் பக்கத்தில் அதற்கு சிக்னல் கல் என்றே பெயர். ஓடினேன். நான் ஓடுவதைக் கடைசியாக யாரும் பார்த்தது எப்போது என்று தெரியவில்லை. அந்த மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“என்ன சேர், மூச்சு வாங்குது, வீட்டுல எல்லாரும் சொகமா ஈக்கிறாங்களா?” என்றார் நானா.

எல்லோரும் சுகம், கோப்பு திறக்கவில்லை என்று சொன்னேன். என்ன அடிக்கிறீர்கள் என்று கேட்டார். அது ரகசியம் நானா, யாரிடமும் சொல்லக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர், சரி, கணினிக்கு முன்னால் உட்காருங்கள், நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கள் என்றார். கணினி கீழே, சிக்னல் மேலே என்று விளக்கினேன். இரண்டு தடவை ஏறி இறங்கினால் வைத்தியர் மாட்டை விட்டுவிட்டு எனக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன்.

அதற்குள் கங்காணி காதுக் குச்சியை எறிந்துவிட்டு மேலே வந்திருந்தார். போனைக் கொடுங்க சார், நான் இங்க நின்னு சொல்றேன், நீங்க அங்க செய்ங்க என்றார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், விடியற்காலைப் பனியில், பெரட்டுக்களத்தில் நின்று ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த குரல் அது. பாதி தூக்கத்தில் நிற்பவனையும் அடுத்த மலைக்கு அனுப்பிவிடும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கு வேலையே இல்லாமல் இருந்தது. அன்றைக்குக் கிடைத்துவிட்டது.

நான் கீழே வந்து உட்கார்ந்தேன். அக்கா கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“சார்...” என்று பாறையிலிருந்து வந்தது. “நீங்க அடிக்கிற சொல்லு என்னான்னு கேக்குறாரு.”

சொல்ல முடியாது என்று கத்தினேன். மேலே ஏதோ பேச்சு நடந்தது.

“சொல்லாட்டி அவரால ஒண்ணும் செய்ய ஏலாதாம் சார். கடையில ஆள் நிக்குதாம்.”

அக்கா திரும்பினார். “சொல்லுங்க தம்பி. இங்க யாரு இருக்கா கேக்குறதுக்கு.”

மேலே கங்காணி. அவரைச் சுற்றி மலை முழுக்கக் கூடை மாட்டிய பெண்கள், ஒரு கை கொழுந்திலும் ஒரு காது எங்கள் பக்கமுமாக. எதிர்ச்சரிவில் வைத்தியரும் அக்காவின் கணவரும். ரோட்டில் ஒரு த்ரீவீல்காரர் வேறு வண்டியை நிறுத்தி, என்ன விஷயம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, மனிதர் சொல்லுகிற சாதாரணக் குரலில் சொன்னேன். கேக்கல சார் என்றார் கங்காணி. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். காத்து அடிக்குது சார் என்றார். எதிர்ச்சரிவில் வைத்தியர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு மானத்தைப் பற்றிய யோசனையை விட்டேன். மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“நானே ராசா.”

மலை அதை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, எனக்கே திருப்பிக் கொடுத்தது. கொழுந்து பறிக்கும் சத்தம் நின்றது. கங்காணி போனைக் கையால் பொத்திக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்.

“அது எல்லாருக்கும் தெரியுங்க சார். சொல்லு என்னான்னுதான் கேக்குறாரு.”

அதுதான் சொல்லு என்று நான் கத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகு மலையில் எழுந்த சிரிப்பை நான் விவரிக்கப்போவதில்லை. ஒரு பெண் கூடையோடு செடிக்குள் உட்கார்ந்தே விட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதிர்ச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானாவுக்குச் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்திருக்கும். பிறகு உத்தரவுகள் ஒவ்வொன்றாகப் பாறையிலிருந்து இறங்கின. கடிதம் அடிக்கிற வெள்ளைத்தாளைத் திறக்க வேண்டும். நட்சத்திரம் விழாத அந்த இடத்தில் அதே சொல்லை அடிக்க வேண்டும். என்ன விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அடித்தேன். ‘நானேராசா’ என்று கொட்டை எழுத்தில் விழுந்தது.

“தமிழாத் தெரியுதா, இங்கிலீசாத் தெரியுதான்னு கேக்குறாரு.”

தமிழில்தான், அழகாகத் தெரிகிறது என்றேன்.

“அழகாத் தெரிஞ்சா அதுதான் பிழையாம் சார். நேத்து மூலையில ஒரு அடையாளத்தக் காட்டிச் சொன்னேனே, அவரு நல்லாத் தலையாட்டுனாரேன்னு கேக்குறாரு.”

மூலையைப் பார்த்தேன். தமிழ் என்று ஓர் அடையாளம் நின்றது. அதைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றினேன். விரல்களை மறுபடி ஓடவிட்டேன். வெள்ளைத்தாளில் ஈ, எச், ஒரு பெரிய என், டி, யூ, எச், ஆர், எச் என்று ஏதோ வந்து விழுந்தது. வாயில் நுழையாத ஒரு ரஷ்யாக்காரரின் பெயர்போல் இருந்தது. ஒரு வருஷமாக ராசா, ராசா என்று நம்பி நான் அடித்துவந்த அசல் சொல் இதுதான். கோப்புக்கு என்னை ராசாவாகத் தெரியவே தெரியாது. அதற்கு நான் அந்த ரஷ்யாக்காரர்தான். நேற்று நானா தமிழை அசல் தமிழாக்கிக் கொடுத்ததும், காலையில் வாசலில் உண்மையிலேயே ராசா வந்து நின்றிருக்கிறார். யார் நீ என்று கோப்பு துரத்தியிருக்கிறது.

ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு கடவுச்சொல் பெட்டியில் அடித்தேன். கோப்பு திறந்தது.

செவலையின் காது எண்ணை அக்கா சொன்னார். தேடினேன். அக்கா என் தோளுக்கு மேல் குனிந்து நின்றார். முதல் ஊசி, தேதி. அதற்குக் கீழே இன்னொரு வரி. இரண்டாவது ஊசி, தேதி. பக்கத்தில் குறிப்பு என்ற கட்டத்தில் நானே அடித்து வைத்திருந்ததை வாய்விட்டு வாசித்தேன். உரிமையாளர் ஹட்டன் சென்றுள்ளார். கணவர் மாட்டைப் பிடிக்கும் நிலையில் இல்லை. மாட்டை நானே பிடித்தேன். வலது முழங்காலில் உதை.

அப்போதுதான் நினைவு வந்தது. ஊசி போடுகிறவருடன் அன்றைக்கு நானும் சுற்றில் போயிருந்தேன். வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். உதைக்கு இரண்டு வாரம் தைலம் தேய்த்தவள் என் மனைவி. உதைத்தது செவலைதான் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. இந்த வேலையில் என்னை உதைத்த மாடுகளை எல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அக்கா தேடி வந்த விடை காலையிலிருந்து என் முழங்காலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதற்காகத்தான் ஓடி, கத்தி, மாதா படத்தைக் கழற்றி இவ்வளவும் செய்திருக்கிறேன்.

அக்கா நிமிர்ந்தார்.

“பூட்டுனதும் நீங்கதான், புடிச்சதும் நீங்கதான், மறந்ததும் நீங்கதானா தம்பி.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வாசலுக்கு ஓடி, இரண்டாவது ஊசி இருக்கிறது, தேதி இது, மருந்து வேண்டாம் என்று கங்காணியிடம் சொன்னேன். கங்காணி பாறையில் அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பி நின்றார். தேதியையும் செய்தியையும் சிங்களத்தில், பெரட்டுக் குரலில், பள்ளத்தாக்குக்கு மேலாக அனுப்பினார். நீலச் சட்டை கையைத் தூக்கியது. பிறகு குனிந்து, பையைத் திறந்து, எதையோ உள்ளே வைத்தது.

மாட்டுக்கு வயிறுதான் கோளாறு என்று வைத்தியர் சொன்னாராம். அட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு தின்ற மாட்டுக்கு வேறு என்ன வரும்? அதற்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் செவலை தீனி எடுத்தது.

எனக்குத்தான் குணமாக நாளாயிற்று. மறுநாள் பால் ஊற்ற வந்தவர்களில் ஒருவர் விடாமல், ராசா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டுதான் கேனைத் திறந்தார்கள். ரோட்டில் த்ரீவீல்காரர்கள் ஹோர்ன் அடித்து, தலைவணங்கிவிட்டுப் போனார்கள். செய்தி வீட்டுக்கு எனக்கு முன்னால் போயிருந்தது. மனைவி சோற்றைப் போட்டுவிட்டு, என் பேருலதான் புள்ளி, ஒங்க பேருல ராச்சியமேல்ல இருக்கு என்று மட்டும் சொன்னாள். குழம்பில் உப்பில்லை. நான் கேட்கவில்லை.

ஊருக்கே தெரிந்த கடவுச்சொல்லை வைத்திருந்து என்ன பயன், எடுத்துவிடுவோம் என்று பார்த்தால் அதற்கும் கணினி விடவில்லை. கோப்பைத் தனியுரிமையோடு திறந்தால்தான் கடவுச்சொல்லை நீக்கலாம் என்றது. இந்த நிலையத்தில் என்னைத் தவிர யாருமே இல்லை, இதைவிடத் தனியாக எப்படித் திறப்பது என்று அதனிடம் கேட்டேன். மறுபடியும் சிக்னல் கல்லுக்கு ஏறினேன். நானா சொன்னார்: கோப்பை நேராகத் தட்டித் திறக்கக்கூடாது. முதலில் மென்பொருளைத் திறந்து, அதற்குள்ளிருந்து கோப்பைத் தேர்ந்து, திற என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்பைத் தட்டினால் தனியுரிமை என்று ஒன்று வரும். இந்தத் தடவை சொன்னதை எல்லாம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறங்கினேன். கடைசியாக ஒருமுறை ரஷ்யாக்காரரின் பெயரை அடித்துப் பூட்டைக் கழற்றினேன்.

ஒரு மாதம் கழித்து, மழை விட்டிருந்த ஒரு காலையில் அக்கா வந்தார். கையில் ஒரு சீம்பால் சட்டி. மேசையில் வைத்துவிட்டு, கெடாரிக் கன்று என்றார். வைத்தியர் வரும் முன்னாலேயே தானாக ஈன்றுவிட்டதாம்.

“விழுந்த ஒடனே கண்ணத் தொறந்து என்னையப் பாத்துச்சு தம்பி.”

நான் கணினியைத் திறந்தேன். கேள்வி எதுவும் கேட்காமல் கோப்பு திறந்தது. மூலையில் அடையாளம் எதில் நிற்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டேன். தாயின் எண், தேதி, நிறம், பெட்டை. கன்றின் பெயர் என்ற கட்டம் வந்ததும் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். காளையாக இருந்தால் ஒரு பெயர் முடிவு செய்து வைத்திருந்தார்களாம், பெட்டையாகப் போனதால் கொஞ்சம் மாற்ற வேண்டியதாகிவிட்டதாம். சிரிக்காமல் சொன்னார்.

“நானேராணின்னு போடுங்க.”

போட்டேன். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கங்காணி இருமினார்.

புதிய அட்டை ஒன்றை எழுதி உறையில் போட்டுக் கொடுத்தேன். இதை மாட்டுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள் என்று புத்தியும் சொன்னேன். அக்கா அட்டையை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

“அட்டைய நான் பாத்துக்கிறேன். நீங்க மறுபடி பூட்டு கீட்டுன்னு எதையும் போட்டுறாதீங்க தம்பி.”

நான் தலையாட்டினேன். கண்ணைப் பாதி மூடாமல், உதட்டைப் பிதுக்காமல், விளங்கித்தான் ஆட்டினேன்.